அழிவின் கதைகளில் நம்பிக்கையும் மகிழ்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோட்டுக்கு அருகே எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பத்துப் பதினைந்து பேர் கூடிக் கதைகள் வாசிக்கிறோம். வறட்சி, வெள்ளம், நஞ்சேறிய நீர், அழிந்துபோன காடு ஆகியவற்றை மையமாகக் கொண்ட புனைவுகளையே கடந்த சில ஆண்டுகளாக அதிகம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். புதிதாக வருபவர்களும், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பிற ஊர்களிலிருந்து விசாரிப்பவர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

எந்த வகைக் கதைகளைச் சொல்கிறீர்கள்?

மனிதர்களைத் தாங்கிவந்த நிலமோ நீரோ காடோ பருவமோ அவர்கள் கண்ணெதிரே சிதைகிறது. அந்தச் சிதைவுக்குள் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதே கதையாகிறது. அது எதிர்காலத்தில் நடக்கலாம், கடந்த காலத்திலும் நடந்திருக்கலாம். ஒரு வெள்ளக் காட்சியைக் காதல் காட்சிக்குப் பின்னணியாக வைத்துவிட்டு நகர்ந்துவிடும் கதையை நான் இதில் சேர்ப்பதில்லை.

அழிவைப் படித்து மகிழ்வது முறையா? பிறர் துன்பத்தில் இன்பம் காண்பதாகாதா?

இந்தத் தயக்கத்துடன் வருபவர்களை நான் மதிக்கிறேன். ஏனெனில் துன்பத்தைத் துன்பமாகவே எடுத்துக்கொள்ளும் மனம் உள்ளவர்களுக்குத்தான் இது தோன்றும். ஆனால் அழிவைக் கண்டு மகிழ்வதும், அழிவுக்கு நடுவே உயிர்கள் ஒன்றையொன்று பேணுவதைக் கண்டு மகிழ்வதும் வேறுவேறு. இந்த வேறுபாட்டைத் தமிழ் மிகப் பழைய காலத்திலேயே கண்டுகொண்டுவிட்டது.

ஐந்திணைகளில் பாலைக்கு மட்டும் தொல்காப்பியம் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலை என்னும் வடிவத்தைக் கொள்கின்றன என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் சொல்கிறான். ஆக, பாலை என்பது என்றென்றும் மணலாகவே கிடந்த இடமன்று. நன்றாக இருந்து கெட்டுப்போன நிலம். சித்திரை மாதத்தில் அரூர்ப் பக்கத்துக் கரட்டுக் காடுகளின் ஓரமாகப் பேருந்தில் போயிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கெட்டுப்போன நிலத்தை வைத்துச் சங்கப் புலவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ என்ன செய்தார் என்பதைக் கலித்தொகையின் பதினோராவது பாட்டில் பார்க்கலாம். பொருள் தேடிப் பாலை வழியே போன தலைவன், போவதற்கு முன் அந்தக் காட்டைப் பற்றித் தன்னிடம் என்னவெல்லாம் சொன்னான் என்பதைத் தலைவி தோழியிடம் நினைவுகூர்கிறாள். காடு கொடியது, காலடி வைக்க முடியாதபடி வெப்பமானது என்று சொன்னான். ஆனால் அதே காட்டில், யானைக் கன்றுகள் கலக்கிச் சேறாக்கிவிட்ட கொஞ்ச நீரைக் களிறு முதலில் பிடிக்கு ஊட்டிவிட்டுப் பிறகுதான் தான் குடிக்கிறது என்றும் சொன்னான். வெம்மையில் தளர்ந்த பெட்டைப் புறாவின் வருத்தத்தை ஆண்புறா தன் மெல்லிய சிறகால் விசிறி ஆற்றுகிறது என்றான். நிழலே இல்லாத இடத்தில் வருந்தும் பிணைமானுக்குக் கலைமான் தன் உடலின் நிழலைக் கொடுக்கிறது என்றான். இத்தனையும் அறிந்து சொன்னவர் அவற்றை வழியில் காணும்போது நம்மை நினையாமல் இருப்பாரா, திரும்பாமல் இருப்பாரா என்பது அவளுடைய கணக்கு. பல்லி நல்ல இடத்தில் ஒலிக்கிறது, இடக்கண் துடிக்கிறது என்று பாட்டு முடிகிறது.

புலவர் அந்தக் காட்டில் மழையைப் பெய்விக்கவில்லை. வெப்பத்தை ஒரு துளியும் குறைக்கவில்லை. நீர் கடைசிவரை கொஞ்சமாகவும் கலங்கலாகவுமே இருக்கிறது. அதை யார் முதலில் குடிக்கிறார்கள் என்பதில்தான் மகிழ்ச்சி இருக்கிறது. அந்த மகிழ்ச்சியிலிருந்துதான் ஒரு பெண் தன் நம்பிக்கையை எடுத்துக்கொள்கிறாள். அழிவைப் பற்றிய எந்தக் கதையைக் கையில் எடுத்தாலும் நான் தேடுவது அந்தச் சேற்று நீரைத்தான்.

உண்மைச் செய்திகளே மனத்தை உடைக்கின்றன. அதற்கு மேல் கதை எதற்கு?

எங்கள் மாவட்டத்து உதாரணம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையில் உள்ள கனிமங்களிலிருந்து அது நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது வரம்பு. அதற்கு மேற்பட்ட நீரைப் பல் முளைக்கும் பருவத்தில் குடித்து வளரும் குழந்தைகளின் பல்லில் நிலையான பழுப்புக் கறை படிகிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடுகின்றன. இவ்வளவையும் செய்தி சொல்லிவிடும். செய்தி சொல்ல வேண்டியதும் இதுவே.

செய்தியில் வராத ஒன்று உண்டு. எங்கள் வாசிப்புக்கு வரும் ஓர் அக்கா, நாற்பது வயதைக் கடந்தவர், எப்போது சிரித்தாலும் முந்தானையைப் பற்றியபடி கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரிப்பார். அவர் வயதுக்காரர்கள் பலருக்கும் எங்கள் பக்கத்தில் இந்தப் பழக்கம் உண்டு. பள்ளி நாட்களில் பல்லைக் காட்டிக் கேலி செய்யப்பட்டவர்கள் அவர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2013ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் பிறகு பிறந்த இவருடைய மகள் காவிரி நீரைக் குடித்து வளர்ந்தவள். ஒரு மாலையில் அவள் கதையொன்றைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோது நடுவில் சிரிப்புத் தாங்காமல் வாய் நிறையச் சிரித்துவிட்டாள். பக்கத்தில் அமர்ந்திருந்த தாயும் சிரித்தார். அவருடைய கை வழக்கம்போல மேலே எழுந்து, பாதி வழியில், மகளின் முகத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டது. பிறகு மடியில் இறங்கியது.

எல்லா ஊருக்கும் எல்லா நாளும் அந்த நீர் வந்துவிடுவதில்லை என்பதையும், முதியவர்களின் எலும்பில் ஏறிய நோய் இறங்குவதில்லை என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு மாவட்டத்தின் நிலத்தடி நீர் கெட்டுப்போனதன் பொருளை, பாதியில் நின்ற அந்தக் கை எனக்குச் சொன்ன அளவுக்கு எந்த எண்ணிக்கையும் சொன்னதில்லை. ஒரு நல்ல கதை அந்தக் கையைப் பார்க்கும். அதைப் பார்ப்பதற்காகத்தான் கதை.

நம்பிக்கை தரும் கதை என்றால் நல்லபடியாக முடியும் கதை என்று பொருளா?

பெரும்பாலானோர் அப்படித்தான் எதிர்பார்த்து வருகிறார்கள்; ஏமாற்றமும் அங்கேதான் தொடங்குகிறது. கடைசி அத்தியாயத்தில் ஒரு விஞ்ஞானி ஏதோ ஒரு கருவியைக் கண்டுபிடித்து உலகைக் காப்பாற்றிவிட்டால், புத்தகத்தை மூடும்போது நமக்குக் கிடைப்பது நிம்மதி மட்டுமே. நம் ஊரில் அந்த விஞ்ஞானியும் இல்லை, கருவியும் இல்லை.

ஆக்டேவியா பட்லர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1993இல் வெளியிட்ட ‘பாரபிள் ஆஃப் த சோவர்’ நாவலை இதற்கு எதிர்முனையில் வைத்துப் பார்க்கலாம். ‘விதைப்பவனின் உவமை’ என்று அந்தத் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். கதை 2024இல் தொடங்குகிறது என்பதே இன்று வாசிப்பவரை ஒரு கணம் நிமிர்ந்து உட்காரவைக்கும். மழை பொய்த்து, தண்ணீர் விலையேறி, அரசு தளர்ந்துபோன கலிபோர்னியாவில் சுற்றுச்சுவருக்குள் வாழும் பதினைந்து வயதுப் பெண்ணின் நாட்குறிப்பாக அது எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குடியிருப்பு எரிக்கப்பட்ட பிறகு அவள் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி நடக்கிறாள். வழியில் ஒவ்வொருவராகச் சேர்ந்து ஒரு சிறு கூட்டம் உருவாகிறது. அவர்கள் போய்ச் சேரும் இடத்திலும் வீடு எரிந்து கிடக்கிறது, இருந்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அங்கே அவர்கள் தங்கள் இறந்தவர்கள் அனைவரையும் நினைத்து ஓக் மர விதைகளை ஊன்றுகிறார்கள். நாவல் ஏறத்தாழ அவ்வளவில் நின்றுவிடுகிறது. நல்ல முடிவு என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் நடந்து வந்த வழியெல்லாம் யார் காவல் இருப்பது, யார் தூங்குவது, இருக்கும் நீரை எப்படிப் பங்கிடுவது என்று அவர்கள் கற்றுக்கொண்டதை நாமும் கூடவே கற்றுக்கொண்டிருப்போம். எனக்கு மகிழ்ச்சி தந்தவை அந்த நடுப்பக்கங்கள்தாம்.

தமிழில் எதிலிருந்து தொடங்கலாம்?

சா. கந்தசாமியின் ‘சாயாவன’த்திலிருந்து தொடங்கலாம். வெளிநாட்டில் வாழ்ந்து ஊர் திரும்பும் சிதம்பரம், கரும்பாலை அமைப்பதற்காகக் காடாக அடர்ந்து கிடக்கும் ஒரு தோட்டத்தை வாங்கி அழிக்கிறான். ஆசிரியர் அவனைத் திட்டுவதில்லை. கொடியும் முள்ளும் மரமும் எப்படி வெட்டப்படுகின்றன, எப்படி எரிகின்றன என்பதை அவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறார். படிக்கும்போது நம் கையும் அரிவாளைப் பிடித்து உழைக்கத் தொடங்கிவிடுகிறது, ஒவ்வொரு மரம் சாயும்போதும் வேலை முடிந்த களிப்பு நமக்கும் வருகிறது. அந்தக் களிப்பு எதன் விலை என்பது பிறகுதான் உறைக்கிறது. காட்டை அழித்தவர்கள் நம்மைப் போன்ற உழைப்பாளிகளாகவும் கனவு கண்டவர்களாகவும் இருந்திருக்கிறார்கள் என்பதை ஏற்றுக்கொள்ளாமல் இந்த விஷயத்தில் நேர்மையாகப் பேச முடியாது என்று நான் கருதுகிறேன். புளிய மரங்கள் நிறைந்த நம் மாவட்டத்துச் சாலைகள் அகலமாக்கப்பட்டபோது, விரைவாகப் போகலாம் என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

வெளிநாட்டு நாவல்களில் வேறு எதைப் பரிந்துரைக்கிறீர்கள்?

ஆங்கிலம் படிக்கக்கூடியவர்கள் கிம் ஸ்டான்லி ராபின்சன் 2020இல் வெளியிட்ட ‘த மினிஸ்ட்ரி ஃபார் த ஃபியூச்சர்’ நாவலைப் படிக்கலாம். ஓர் எச்சரிக்கை: உத்தரப் பிரதேசத்தின் ஒரு நகரத்தில் வீசும் வெப்ப அலையுடன் அது தொடங்குகிறது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து ஓர் எல்லையைத் தாண்டினால் வியர்வையால் உடலைக் குளிர்விக்க முடியாது. நிழலில் அமர்ந்திருப்பவரும் இறந்துவிடுவார். அந்த உண்மையின் மேல் எழுதப்பட்ட முதல் அத்தியாயத்தை எங்கள் குழுவில் இருவரால் முடிக்க முடியவில்லை. அவர்களிடம் அதை விட்டுவிட்டு இரண்டாவது அத்தியாயத்துக்குப் போகச் சொன்னேன். பிறகு விரும்பினால் திரும்பி வரலாம். மீதி நாவலில் பெரும்பகுதி கூட்டங்களும் பேச்சுவார்த்தைகளும் வங்கியாளர்களும் பனிப்பாறை ஆய்வாளர்களும்தான். சலிப்பான அந்த வேலைகளின் மேல் ஆசிரியருக்கு இருக்கும் அன்பு போகப்போக நமக்கும் தொற்றுகிறது.

வெளிநாட்டுக் கதைகள் நம் ஊருக்கு எப்படிப் பொருந்தும்?

பொருந்தாத இடத்தில்தான் அவை அதிகம் சொல்லிக்கொடுக்கின்றன. ஹயாவோ மியாசாகி இயக்கி 1984இல் வெளிவந்த ‘நௌசிக்கா’ என்ற ஜப்பானிய அசைபடத்தில், தொழில் நாகரிகம் அழிந்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு நச்சுக் காடு ஒன்று உலகெங்கும் பரவிக்கொண்டிருக்கிறது. அந்தக் காட்டுச் செடிகளை இளவரசி நௌசிக்கா ஒரு நிலவறையில் ரகசியமாக வளர்த்துப் பார்க்கிறாள். காற்றாலை மூலம் மிக ஆழத்திலிருந்து இறைத்த தூய நீரில் அவை வளர்ந்தபோது நஞ்சே வெளிப்படவில்லை. நஞ்சு செடியில் இல்லை, மனிதர்கள் கெடுத்த மண்ணில் இருக்கிறது. எல்லோரும் அஞ்சி எரிக்க நினைக்கும் காடு உண்மையில் அந்த மண்ணைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது என்று கதை விரிகிறது.

இதைப் பார்த்து முடித்ததும் பென்னாகரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், “நம்ம ஊர்ல கதை தலைகீழுங்க. மேல இருக்கற தண்ணி நல்லது, ஆழத்துலதான் விசம்” என்றார். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து அன்று பேச்சு எங்கோ போய்விட்டது. ஏரியும் குட்டையும் நிரம்பியிருந்த காலத்தில் மேல்மட்டக் கிணறுகளில் குடித்தது, ஏரி தூர்ந்த பிறகு பல நூறு அடிக்குத் துளையிட்டது, துளை ஆழமாக ஆக நீரின் சுவை மாறியது என்று ஒவ்வொருவரும் தம் ஊர்க் கதையைச் சொன்னார்கள். மீட்சி ஆழத்தில் இல்லை, ஏரியின் வரத்துக் கால்வாயில் இருக்கிறது என்று அந்தப் பெரியவரே முடித்துவைத்தார். ஜப்பானியக் கதை எங்கள் ஊருக்குப் பொருந்தியிருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது.

குழந்தைகளுக்கு இத்தகைய கதைகளைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், தனியாக விட்டுவிடக் கூடாது. மேற்சொன்ன படத்தைப் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுடன் சேர்ந்து அமர்ந்து பார்க்கலாம். அதற்கும் சிறியவர்களுக்கு, ஏதேனும் ஒரு விலங்கின் கண்வழியே சொல்லப்படும் கதை போதும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யானையைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத நம் மூத்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காதா?

அவர்கள்தாம் இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடிகள். 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சம் அன்றைய சேலம் மாவட்டத்தை மிகக் கடுமையாக வாட்டியது. இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அந்த மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தன. பஞ்சத்தைக் கும்மியாகவும் சிந்தாகவும் பாடிய மக்கள் நாம். கும்மி என்பது வட்டமாக நின்று கைதட்டி ஆடும் ஆட்டம் என்பதைச் சற்று நிறுத்தி நினைத்துப் பாருங்கள். பசியில் செத்தவர்களைப் பற்றிய பாட்டுக்குக் கைதட்டி ஆடும் வடிவத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? தனியாக அழுதால் தாங்காது, சேர்ந்து ஒரு தாளத்தில் சொன்னால் தாங்கும் என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.

மழைச்சோறு எடுக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் பெண்கள் வீடு வீடாகச் சென்று சோறு கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, பொது இடத்தில் அமர்ந்து பஞ்சத்தைப் பாடிப் பகிர்ந்து உண்பார்கள். ஊரே பிச்சைக்காரர் கோலம் பூணும் இந்த நிகழ்வு, நடக்கவிருக்கும் அழிவை முன்கூட்டியே நடித்துப் பார்ப்பதுதான். ஆனால் அந்த நடிப்பின் நடுவில் இருப்பவரும் இல்லாதவரும் ஒரே கலவைச் சோற்றை உண்டுவிடுகிறார்கள். என் பாட்டி அதைச் சொல்லும்போதெல்லாம் மழை வந்ததா இல்லையா என்பதை மறந்துவிடுவார். பத்து வீட்டுக் குழம்பும் சேர்ந்த அந்தச் சோற்றின் ருசியை மட்டும் மறக்காமல் சொல்வார்.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, நம் மாவட்டங்களில் ஆண்டுதோறும் நடக்கும் பாரதக் கூத்தை எண்ணிப் பாருங்கள். பதினெட்டாம் நாள் துரியோதனன் படுகளத்துக்கு மண்ணால் பிரமாண்டமான உருவம் செய்து கிடத்துகிறோம். ஒரு குலமே அழிந்துபோகும் கதை. முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆயினும் இரவெல்லாம் விழித்துப் பார்க்கிறோம், கட்டியங்காரன் வரும்போது வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். படுகளம் முடிந்த பிறகு அந்த உருவத்தின் மண்ணில் ஒரு பிடியை வீட்டுக்கு எடுத்துச் செல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தானியம் வைக்கும் இடத்தில் போட்டுவைத்தால் பெருகும் என்பது நம்பிக்கை. இவர்களுக்கு அழிவின் கதையில் மகிழ்ச்சியைத் தேட நான் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

இப்படி ஆறுதல் தரும் கதைகள், போராட வேண்டியவர்களை உட்காரவைத்துவிடாதா?

உட்காரவைக்கும் கதைகளும் உண்டு. அழிவுக்குக் காரணமானவர்களைக் கண்ணில் காட்டாமல், எல்லாவற்றையும் விதியின் மேலும் வானத்தின் மேலும் போட்டுவிட்டு, ஒரு மலர் பூப்பதோடு முடிந்துவிடும் கதை அப்படிப்பட்டது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போது தென்பெண்ணை ஆற்றில் நுரை பொங்கி ஆள் உயரத்துக்கு மிதப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சு மூட்டைபோல் அழகாகத்தான் இருக்கும். ஆற்றின் மேல்பகுதியிலிருந்து கழிவுநீரும் ஆலைக் கழிவும் கலந்து வருவதால் எழும் நுரை அது. அந்த அழகை மட்டும் எழுதுபவர் பொய் சொல்கிறார். நுரையைக் கையால் ஒதுக்கிவிட்டு வயலுக்கு நீர் பாய்ச்சும் விவசாயியின் அரிப்பையும், எங்கிருந்து வருகிறது என்று அவர் ஆற்றின் எதிர்த்திசையில் நடந்துபோய்ப் பார்ப்பதையும் எழுதுபவர், படிப்பவரையும் எழுந்து நடக்கவைப்பார்.

என் அனுபவத்தில், விரக்தியும் மனிதரை உட்காரவைக்கிறது. சொல்லப்போனால், ஆறுதலைவிட அதிகமாக. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி, பேருந்து நிலையம் அருகே நிறுத்தியிருந்த வண்டிகளை அடித்துச் சென்றது. அதன் பிறகு எங்கள் கூட்டத்தில் இளைஞர் ஒருவர், இனி எதைச் செய்தும் பயனில்லை, எல்லாம் முடிந்துவிட்டது என்று பல வாரங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அசைத்தது வாதம் அன்று. வெள்ளத்துக்குப் பிறகு சேற்றை அள்ளும் மனிதர்களைப் பற்றிய பக்கங்களை வாசித்தபோது, தன் சித்தி வீட்டில் தானும் மண்வெட்டியுடன் மூன்று நாள் நின்றதை அவர் முதன்முறையாக எங்களிடம் சொன்னார். அதுவரை அதைச் சொல்லத் தகுந்த விஷயமாகவே அவர் கருதவில்லை.

படித்த பிறகு மனம் கனத்துத் தூக்கம் வரவில்லை என்றால்?

இரவில் படிக்காதீர்கள். தனியாகவும் நீண்ட நேரம் படிக்காதீர்கள். கனமான இடத்தை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பல நாட்கள் தொடர்ந்து தூக்கம் கெட்டால் அது கதையோடு நிற்கும் விஷயமன்று; மருத்துவரைப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

எங்கள் ஊரிலும் இப்படி வாசிக்க விரும்புகிறோம். புத்தகங்களுக்கு என்ன செய்வது?

மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகங்களிலும் முதலில் கேளுங்கள். தருமபுரியிலும் ஓசூரிலும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களில் குழுவாகப் பணம் சேர்த்து வாங்கலாம். ஒரே பிரதி போதும். ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்பதுதான் இந்தக் கதைகளுக்கு ஏற்ற முறை என்று இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதியாகிவிட்டது. நேரம் போதாத நாளில் கலித்தொகையின் அந்த ஒரு பாட்டை மட்டும் உரையுடன் வாசித்துவிட்டுக் கலைந்துவிடலாம்.

நானே ஒரு கதை எழுத விரும்புகிறேன். எழுதத் தொடங்கினால் எல்லோரும் செத்துப்போகிறார்கள். என்ன செய்வது?

எங்களிடம் வரும் கல்லூரி மாணவி ஒருத்திக்கும் இதுவே நேர்ந்தது. 2080ஆம் ஆண்டின் ஓசூரை அவள் எழுதியிருந்தாள். ஆற்று நுரை ஊருக்குள் புகுந்து தெருக்களை மூடிவிடுகிறது. மூன்றாவது பக்கத்தில் உயிருடன் யாரும் இல்லை. எழுத்து நன்றாகவே இருந்தது. நான் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: “அன்னிக்கு ராத்திரி யாரும்மா சமைச்சாங்க? எந்தத் தண்ணில?”

அவள் பதில் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து வேறு கதையுடன் வந்தாள். நுரை அதே நுரைதான், ஊரும் பாதி காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டில் அத்தை ஒருத்தி குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து ஆற்று நீரைத் தெளியவைக்கப் பார்க்கிறாள். கலங்கல் அடியில் படிகிறது, நீர் கண்ணாடிபோல் தெளிகிறது. எல்லோரும் மகிழ்கிறார்கள். ஆனால் தேற்றாங்கொட்டை சேற்றைத்தான் படியவைக்கும், கரைந்திருக்கும் வேதிப்பொருளை நீக்காது என்பதை அந்த மாணவி எங்கோ தேடித் தெரிந்துகொண்டு, அந்தத் தோல்வியையும் கதைக்குள் வைத்திருந்தாள். நீரைக் குடித்த நாய்க்கு வாந்தி வருகிறது. அத்தை குடத்தைக் கவிழ்த்துவிட்டு, மாடியில் மழை நீர் பிடித்துவைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரரிடம் போய் நிற்கிறாள். இரண்டு வீட்டுக்கும் பத்து ஆண்டுகளாகப் பேச்சு இல்லை.

அவர் நீர் தருகிறார். பதிலுக்கு அவர்களிடம் இல்லாத கேழ்வரகு மாவு இந்த வீட்டில் இருக்கிறது. கேழ்வரகு பல ஆண்டுகள் பூச்சி அண்டாமல் இருக்கும் தானியம் என்பதால் அது அந்தக் கதையில் நம்பும்படியாகவே வந்திருந்தது. களி கிண்டுவதற்கு ஆள் வேண்டும். ஒருவர் கவைக்கோலால் பானையை அசையாமல் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் துடுப்பைச் சுழற்ற வேண்டும். பேச்சு வார்த்தை இல்லாத அந்த இருவர்தாம் பிடிக்கிறார்கள், கிண்டுகிறார்கள். மாவு இறுக இறுக இருவருக்கும் மூச்சு வாங்குகிறது. வெளியே நுரை தெருவிளக்கை எட்டிவிட்டது. உருண்டைகளை எண்ணித் தட்டில் வைத்த பிறகு, பானையின் அடியில் ஒட்டிய காந்தலுக்காக இரண்டு வீட்டுக் குழந்தைகளும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையின் நடுவில் அவள் கதையை நிறுத்தியிருந்தாள். அதற்கு மேல் ஒரு வரியும் சேர்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.